ஒன்பதரை ஆள்

கையில் ஆயிரம் ரூபாய். சாப்பாட்டுச் செலவு மொத்தம் இருநூற்று நாற்பது, பஸ் டிக்கெட் தலைக்கு எண்பது. அதிகபட்சம் எத்தனை பேர் சுற்றுலா போகலாம்? எக்ஸ் ஒன்பதரையைத் தாண்டக்கூடாது என்று வந்ததும், பத்தாவது படிக்கும் மரியநேசம் 'விடை: ஒன்பது பேர்' என்று எழுதிக் கோடு போட்டாள்.

இருபது வருடம் கண்டக்டராக ஓடிய அவள் அப்பா சூசைராஜுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மீதி நாற்பது ரூபாய் இருக்கிறதே, கச்சிதமாக ஒரு அரை டிக்கெட்.

"அரை ஆளுன்னு கிடையாதுப்பா. அத விட்டுரணும்."

எச்சில் தொட்ட விரலால் நோட்டைத் தன் பக்கம் திருப்பி, கோட்டுக்குக் கீழே காலியாகக் கிடந்த இடத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"சரி, அந்தப் பிள்ளைய எந்த ஸ்டாப்புலம்மா இறக்கிவிட்ட?"