விரலே போதும்

வண்டியை விற்றுத் தரச் சொல்லித்தான் அவள் வந்திருந்தாள்.

மெக்கானிக் ஸ்பானரைக் கீழே வைத்தார். கழிவுத்துணியை எடுத்துக் கையைத் துடைத்தார். துடைத்த விரலையே மறுபடியும் துடைத்தார்.

அவளுடைய வலது கையில் மாவுக்கட்டு. கன்னத்தில் சிராய்ப்பு காய்ந்து கறுத்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

"என் தப்புதாண்ணே. பிரேக்க ரொம்ப அமுக்கிட்டேன்."

வினோதினி கால்நடை ஆய்வாளர். தடுப்பூசிப் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு, போடியிலிருந்து மலையடிவார ஊர்களுக்கெல்லாம் கியர் வண்டியில் போய்வருகிறவள். வாங்கிய நாள் முதல் அந்த வண்டியில் அவரைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை.

போன புதன்கிழமை காலை. தூறல். வளைவு திரும்பியதும் நடுரோட்டில் ஒரு கன்றுக்குட்டி. பிரேக் பிடித்தாள். முன்சக்கரம் அப்படியே இறுகி, வண்டி வழுக்கிக்கொண்டு போனது.

கன்றுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பொம்பளைக்கு எதுக்கு இந்த வண்டின்னு எங்க அத்தை அன்னைக்கே சொன்னாங்க. இப்ப ஆபீஸ்லயும் அதத்தான் சொல்றாங்க. அவங்க சொல்றது சரிதான் போல."

அவர் நிமிரவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் அவள் வந்தபோது மீட்டரில் மஞ்சள் விளக்கு, வண்டி ஓடும்போதும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஏபிஎஸ் வேலை செய்யவில்லை என்று சொல்லும் விளக்கு. எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் இறுகிவிடாமல், விட்டு விட்டுப் பிடிக்கிற ஏற்பாடு அது.

சக்கரத்தைக் கழற்றித் துடைத்தார். ஒயரைப் பிடுங்கி மாட்டினார். விளக்கு அணையவில்லை. என்ன கோளாறு என்று சொல்லும் கருவி அவரிடம் இல்லை. இருந்திருந்தாலும் அதைப் பார்க்கத் தெரியாது.

இருபத்தேழு வருடமாக, சத்தத்தைக் கேட்டே வண்டிக்கு என்ன என்று சொல்கிறவர். எனக்குத் தெரியலம்மா என்று சொல்ல வாய் வரவில்லை.

மீட்டரைத் திறந்தார். விளக்கின் மேல் ஒரு துண்டு கறுப்பு டேப்பை ஒட்டினார். மூடினார்.

"சரியாயிருச்சும்மா."

"ரொம்ப நன்றிண்ணே" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

அன்றைக்கே டீக்கடையில் இந்தப் பேச்சு வந்தது. வந்ததா, அவராகவே எடுத்தாரா. "சரளையில ஏபிஎஸ் வண்டி சட்டுனு நிக்காது. விட்டு விட்டுப் புடிச்சு இழுத்துட்டே போகும். அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்கு. நமக்கு வெரலே போதும்" என்றார்.

சரளையைப் பற்றிச் சொன்னது பொய்யில்லை.

அவள் விழுந்தது நனைந்த தார்ச்சாலையில்.

"ஒண்ணு கேக்கணும்ணே. எப்படிப் புடிச்சாலும் சக்கரம் இறுகாதுன்னு வாங்கும்போது நீங்கதான சொன்னீங்க? அப்படியும் இறுகுச்சுன்னா, நான் எவ்வளவு மோசமாப் புடிச்சிருக்கணும்?"

கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

விற்றுத் தருகிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் போய்விடுவாள். நாளையிலிருந்து இரண்டு பஸ் மாறி, பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அவர் எழுந்து, மினி வேனில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியிருந்த அவளுடைய வண்டிக்குப் போனார். ஸ்குரூகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். மீட்டரைத் திறந்தார். நகத்தால் சுரண்டி டேப்பை உரித்தார். சாவியைத் திருப்பினார்.

மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டியை வேகமாக நாலடி தள்ளினார். அணையவில்லை.

"நீ சரியாத்தான் புடிச்சிருக்கம்மா. அந்த ஏபிஎஸ் வேலையே செய்யல."

அவள் விளக்கைப் பார்த்தாள். அவர் விரலில் ஒட்டியிருந்த டேப்பைப் பார்த்தாள்.

"எனக்கு சரி பண்ணத் தெரியல. தெரியலன்னு சொல்ல..."

டேப்பை விரலிலேயே உருட்டினார்.

திட்டுவாள் என்று நின்றார். இன்னொரு கையால் ஓர் அறை விட்டாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தது.  

அவள் அழவில்லை. நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவரை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"வேற யாருக்கெல்லாம் இப்படி ஒட்டுனீங்க?"

இதை அவர் யோசித்ததே இல்லை.

யோசித்தார். ஒரு முகம் வந்தது. அதன் பின்னால் இன்னொன்று.

கைபேசியை எடுத்தார். அவசரத்தில் விரல் இரண்டு முறை தவறான பெயரைத் தொட்டது. மூன்றாவது முறை சோலைராசு. ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை. போன வாரம்தான், விளக்கில் டேப் ஒட்டிய வண்டியை எடுத்துப் போனான்.

மணி போனது. எடுத்தான். காற்று இரைந்தது.

"சொல்லுங்கண்ணே! வண்டி சூப்பரா இருக்குண்ணே. வீட்டுக்காரியக் கூட்டிட்டு மலையில எறங்கிட்டு இருக்கேன். மழை வேற செம்மயாப் புடிச்சிருச்சு!"

அவர் வினோதினியைப் பார்த்தார்.

"ராசு, நான் சொல்றதக் கேளு. சட்டுனு பிரேக்க அமுக்கிறாத. மெதுவா... மெதுவா ஓரங்கட்டு" என்றார்.