வலது காலுக்கு மட்டும்

இடது கால் போய்விட்டது என்று கம்பெனிக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று மாத விடுப்பில் வீட்டில் இருக்கும் மனிதர், கெண்டைக்கால் சதையை வளர்க்கும் கருவியை வாங்குவதா, வீட்டிலேயே செய்வதா என்று மூன்று வாரமாக யோசித்துக்கொண்டிருந்தால், மனைவிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"இந்த வயசுல யாருக்குக் காட்டறதுக்கு இந்தக் காலு?" என்றாள்.

"உடம்புன்னு ஒண்ணு இருக்கில்ல."

"இருக்கு. பதினாறு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவர் மருந்துக் கம்பெனி குடோனில் சரக்கு எடுத்துக் கொடுப்பவர். ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஏணி ஏறி இறங்க வேண்டும். வாசலில் கேட் பாஸ் எழுதுகிறவருக்கோ குஷன் நாற்காலி, தலைக்கு மேலே மின்விசிறி. அந்த ஆள் ஓய்வுபெறப் போகிறார் என்று தெரிந்த வாரத்தில்தான் நம்மவர் ஏணியின் கடைசிப் படியிலிருந்து விழுந்தார். கடைசிப் படி என்றால் தரைக்கு அடுத்த படி. விழுந்த சத்தத்தைவிட அலறிய சத்தம் பெரிது.

கடிதம் எழுதுவதில் அவர் சூரர். மனுவை நான்கு தடவை திருத்தினார். 'இடது காலுக்குச் சிறிதும் வேலையில்லாத, உட்கார்ந்தபடி செய்யக்கூடிய பணி எதுவாயினும் நன்றியுடன் ஏற்பேன்' என்று முடித்தார். அந்த 'எதுவாயினும்' என்ற சொல்லில் பணிவு சொட்டுகிறது என்று அவருக்கே தன்மேல் ஒரு மரியாதை வந்துவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். கம்பெனி டாக்டரிடம் இன்ச் டேப் இருந்தது. நடக்காத கால் இளைத்துப் போகுமாம். விடுப்பு முடிந்ததும் இரண்டு கெண்டைக்காலையும் அளப்பார். அளவு ஒன்றாக இருந்தால் ஆள் நடிக்கிறான் என்று எழுதிவிடுவார். போன வருஷம் லோடு ஏற்றுகிறவர் ஒருவருக்கு இப்படித்தான் வேலை போயிற்று. இடது காலை இளைக்க வைக்க வேண்டுமானால் வீட்டுக்குள்ளும் ராப்பகலாக நொண்ட வேண்டும். நம்மவருக்கு நொண்டவும் சோம்பல்.

ஆகவே வலது காலைப் பெருக்க வைப்பது என்று முடிவு செய்திருந்தார்.

கடைசியில் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னார்.

"இவ்வளவு மூளையை வேலையில காட்டியிருந்தா இந்நேரம் மேனேஜராயிருப்பீங்க."

"வாங்கறதா, செய்யறதா? அதைச் சொல்லு."

"வாங்கித் தொலைங்க. ஆன்லைன்ல பாதி விலைக்குப் போட்டிருக்கான்."

"வாங்கினா பில் இருக்கும். பெட்டி வரும். பெட்டி மேல படம் போட்டிருக்கும். எதிர் வீட்டுல எங்க ஆபீஸ் டைப்பிஸ்ட் குடியிருக்காங்க."

"அப்ப என் தம்பிகிட்ட சொல்லுங்க. வெல்டிங் பட்டறையைத் திறந்து வெச்சிட்டு சும்மாதான் உக்காந்திருக்கான்."

"உன் தம்பி வாய்க்கு யாரு வெல்டிங் வெக்கிறது?"

எனவே தானே செய்தார். ரம்பம் வாங்கினார், துளை போடும் மெஷின் வாங்கினார், கட்டைவிரலை நசுக்கிக்கொண்டு பேண்டேஜ் வாங்கினார். சிக்கனமாகச் செய்த கருவி கடைக் கருவியைவிட விலை கூடிப்போயிற்று. ஆனால் எந்தப் பில்லிலும் கெண்டைக்கால் என்ற வார்த்தை கிடையாது.

பழைய கட்டில் சட்டம், பாதம் வைக்க ஒரு கட்டை, முழங்காலை அழுத்த ஒரு பலகை, பலகையின் நுனியில் மணல் நிரப்பிய பெயின்ட் வாளி. நாற்காலியில் உட்கார்ந்து, வலது முன்பாதத்தைக் கட்டையில் ஊன்றி, குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு காலையில் முந்நூறு தடவை, மாலையில் முந்நூறு. இடது கால் பக்கத்தில் தலையணை மேல் ராஜா மாதிரி கிடந்தது.

ஒரு நாள் மச்சான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் திறந்துவிட்டான்.

"என்ன மாமா, ஒரு காலுக்குத்தான் இடம் விட்டிருக்கீங்க?"

"மரம் பத்தலை."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அன்றிலிருந்து யார் தும்மினாலும் அவருக்குத் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று பட்டது.

டாக்டர் அளந்த நாளில் அறையில் மேனேஜரும் இருந்தார். இடது கால் முப்பத்து மூன்று சென்டிமீட்டர். வலது கால் முப்பத்தாறு. டாக்டர் டேப்பை மாற்றிப் பிடித்து இன்னொரு தடவை அளந்தார்.

"வீட்டுல ஏதாவது எக்சர்சைஸ் பண்றீங்களா?"

அவர் இடது காலைத் தடவிக்கொண்டார். "நடக்கவே முடியலை, சார்."

"பாவம், பாரம் முழுக்க இந்தக் காலே சுமந்திருக்கு. கல்லு மாதிரி இருக்கு பாருங்க" என்று டாக்டர் மேனேஜரிடம் சொன்னார். மேனேஜரும் குனிந்து தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

பத்து நாளில் உத்தரவு வந்தது. மனுவில் கேட்டது கேட்டபடியே: உட்கார்ந்து செய்யும் வேலை, இடது காலுக்கு முழு ஓய்வு, நிரந்தரம். திங்கட்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு, அளவாக நொண்டியபடி வாசலுக்குப் போனார். குஷன் நாற்காலியில் எதிர் வீட்டு டைப்பிஸ்ட் உட்கார்ந்து பாஸ் எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீங்க இங்க வாங்க" என்று மேனேஜர் கைத்தாங்கலாக அவரைப் பேக்கிங் கூடத்துக்கு அழைத்துப் போனார். மூலையில் ஒரு ஸ்டூல். அதன் முன்னால் பவுடர் பாக்கெட்டுக்குச் சீல் வைக்கும் மெஷின்.

"ஒரே பெடல்தான். வலது காலுக்கு மட்டும். ஸ்பிரிங் கொஞ்சம் கெட்டி. இதுல உக்காந்தவன் எவனும் ஒரு மாசம் தாங்கினதில்ல. உங்க கால்ல கை வெச்சப்பவே முடிவு பண்ணிட்டேன். ஒரு நாளைக்கு நாலாயிரம் பாக்கெட், அவ்வளவுதான்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். முன்பாதத்தைப் பெடலில் ஊன்றி, குதிகாலைத் தூக்கி அழுத்தினார். ஒன்று.

வாங்குவதா, செய்வதா என்று மூன்று வாரம் அவர் மண்டையை உடைத்துக்கொண்ட அந்தக் கருவியை, கம்பெனி எப்போதோ வாங்கிப் போட்டிருந்தது.