ஸ்கேன் உடைத்த கட்டி

"இந்த மெஷின் படம் மட்டும்தான் காட்டும் சார். கட்டியை உடைக்காது!" காரைக்குடி ஸ்கேன் சென்டரில் டாக்டர் உமையாள் மூன்றாவது முறையாகச் சலித்துக்கொண்டார்.

காலை நீட்டிப் படுத்திருந்த கணக்கு வாத்தியார் சேசுராஜ், பத்திரிகைத் துணுக்கை ஆட்டினார். "பொடிப் பொடித் துளிகள ரத்தத்துல விட்டு, ஒலி அலையால ரத்தக்கட்டிய உடைக்கிறாகளாம். படிச்சீகளா?"

"அது இன்னும் ஆராய்ச்சியில இருக்கு சார். நீங்க கட்டி கரைய நான் குடுத்த மாத்திரையைப் போடுங்க."

"மாத்திரை வெசம். ஆறு மாசமா ஒண்ணக்கூடத் தொடல. இது மூணாவது ஸ்கேன், அதுவே போதும்."

பல்லைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்த உமையாள் திகைத்தார். காலில் இருந்த ரத்தக்கட்டியைக் காணோம். அதைச் சொன்னதும் சேசுராஜ் குதூகலித்தார்.

"மூணே ஸ்கேன்ல உடைச்சுப்புட்டீகளே! எங்க தெருவுல இன்னும் ரெண்டு பேருக்கு இதே கோளாறு. மாத்திரைய நிப்பாட்டச் சொல்லிட்டேன். நாளைக்கே கூட்டியாறேன்!"

சேசுராஜ் துள்ளி இறங்கி ஆட்டோ பிடிக்க ஓடினார்.

ஓரமாக நின்றிருந்த அவர் மனைவி சந்தனமேரி தலையில் அடித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, இவுகளுக்குத் தெனமும் மாத்திரையப் பொடிச்சுச் சட்னியில கலந்து குடுத்தேன். அந்த ரெண்டு வீட்டுக்கும் நானே போயி சட்னி அரைக்க முடியுமா?"