ஒத்தைச் சத்தம்

“இப்பவும் கேக்குதா?”

“கேக்குது அத்தை. ‘ஊ’ன்னு ஒரே சத்தம். நிக்கவே மாட்டேங்குது.”

“எங்க யாருக்கும் கேக்கலையே! எங்க காதையெல்லாம் என்ன வாடகைக்கா விட்டிருக்கோம்?” மாமியார் மூத்த மகன் பக்கம் திரும்பினாள். “இது பேய்க்கோளாறு, இல்லைன்னா புத்திக்கோளாறு. இன்னைக்கே இவளை அம்மா வீட்டுல கொண்டு விட்டுடு. திரும்பக் கூட்டிட்டு வராதே.”

அவன் தலையாட்டினான். அம்மா சொல்லுக்குத் தலையாட்டித்தான் அவனுக்குப் பழக்கம்.

ரேடியோ ரிப்பேர் பார்க்கும் தம்பியாவது அண்ணிக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். அவனும் எழுந்து உள்ளே போய்விட்டான். நல்ல குடும்பம்!

மருமகள் பெட்டியில் துணிகளை அடுக்க ஆரம்பித்தாள்.

சற்று நேரத்தில் அது கேட்டது.

மெல்லிய, நீண்ட சத்தம். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. மாமியார் துள்ளி எழுந்தாள்.

“டேய், எனக்கும் கேக்குதுடா!”

“எனக்கும்தான்மா. சமையலறையிலேர்ந்து வருது.”

அங்கே போனால் கூடத்தில் கேட்டது. கூடத்துக்கு ஓடிவந்தால் சுவருக்குள் கேட்டது. ஜன்னலைச் சாத்தினார்கள். காதைப் பொத்தினார்கள். அப்போதும் கசிந்து வந்தது.

மருமகள் மட்டும் ஒன்றுமே நடக்காதது போலத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

“தலை வெடிச்சிடும்போல இருக்குடா! நிறுத்தச் சொல்லு!”

“யாரைம்மா சொல்றது?”

கடைசியில் பரண்மேல் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் அது அகப்பட்டது. ஒரு சோப்பு டப்பா. உள்ளே டிரான்சிஸ்டர், பேட்டரி, குட்டி ஸ்பீக்கர். அண்ணன் சுவிட்சைத் தட்டினான். சத்தம் நின்றது.

“அப்பாடா!” மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பி வந்து நின்றான். அண்ணன் விட்டான் ஓர் அறை.

“பாவி! இதை வச்சுத்தான் இத்தனை நாளா அவளைப் பைத்தியமாக்கினியா?”

“இன்னைக்குக் காலையிலதாண்ணே செஞ்சு முடிச்சேன். சைன் வேவ் ஆசிலேட்டர், ஒரே சுருதியில விடாம ஊதுற கருவி. தூக்கிப்போட்ட ரேடியோவிலேர்ந்து கழட்டின பாகம்தான் எல்லாம். நான் குமிழைத் திருகத் திருக, ‘இல்லை, இல்லை’ன்னு சொல்லிட்டே வந்தாங்க அண்ணி. ‘இதேதான் எனக்குக் கேக்குது’ன்னு அழுத இடத்துல நிறுத்தினேன்.”

அம்மா மகனைப் பார்த்தாள். மகன் மனைவியைப் பார்த்தான்.

தம்பி கன்னத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்:

“உங்களுக்குக் கேட்டதை நீ நிறுத்திட்டே. அண்ணி காதுக்குள்ள சுவிட்ச் இல்லேண்ணே.”