மூன்றாவது டிரைவர்

"உன் டிரைவர் மறுபடியும் ஓடிட்டான் தம்பி!"

நூலகக் கதவைத் திறக்கும்போதே ஐலியம்மாவின் குரல் அவருக்கு முன்னால் உள்ளே வந்தது. அக்குளில் பழைய லேப்டாப். பூட்ஸிலிருந்து பனி உதிர்ந்து தரையெல்லாம் ஈரம்.

டேரில் தலையில் கை வைத்துக்கொண்டார். சனிக்கிழமைதோறும் அங்கே ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, மற்றவர்கள் தூக்கி எறியச் சொன்ன கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை ஏற்றிக் கொடுப்பவர் அவர். சம்பளம் கிடையாது. ஆனால் பிரசங்கம் உண்டு. "இது யாருக்கும் சொந்தமில்ல, எல்லாருக்கும் சொந்தம். முழுக்க முழுக்க ஃப்ரீ! இனிமே எந்தக் கம்பெனிக்கும் நீங்க தண்டம் அழ வேண்டாம்" என்று முடிப்பார். போன மாதம் ஐலியம்மாவும் அதை வாயைப் பிளந்து கேட்டுவிட்டுத்தான் லேப்டாப்பை அவரிடம் ஒப்படைத்தார்.

"இன்னுமா வயர்லெஸ் வரல?"

"நீ போட்டுக் குடுத்து ஒரு வாரம் ஜோரா இருந்துச்சு. அப்புறம் மூணு வாரமா இதே கூத்து. இங்க வந்தா வேலை செய்யுது, வீட்டுக்குப் போனா செத்துப்போகுது."

டேரில் லேப்டாப்பைத் திறந்தார். நூலகத்தின் இணைப்பு ஒரே நொடியில் வந்து நின்றது. எரிச்சலாக இருந்தது. வயர்லெஸ் சில்லை ஓட்டுகிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர். அதை ஏற்கெனவே ஒரு முறை மாற்றியாகிவிட்டது.

"போன வாரந்தானே புது டிரைவர் போட்டேன்?"

"நீ எத்தனை டிரைவரை மாத்தினாலும் வண்டி என் வீட்டு வாசல்ல வந்து படுத்துக்குதே!"

பக்கத்து மேசையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் சிரித்துவிட்டார். ஐலியம்மா சிரிக்கவில்லை. கோட்டுப் பையிலிருந்து ஒரு தபால் அட்டையை எடுத்து நீட்டினார். 'என் மேல் உனக்கு என்ன கோபம்?' என்று ஒரே ஒரு வரி.

"என் தங்கச்சி லெம்பி. ஏரிக்கு அந்தக் கரையில, தண்டர் பே ஊர்ல இருக்கா. பிறந்ததிலேருந்து காது கேக்காது. கையாலதான் பேசணும், அதுக்குத் திரையில முகம் பார்க்கணும். ஞாயித்துக்கிழமை நாலு மணின்னா நாலு மணி, ஏழு வருஷமா தவறினதில்ல. இப்ப மூணு ஞாயிறு போச்சு. கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு எழுதினா, அது பழைய சாக்குங்கறா."

டேரிலுக்கு மனசு கேட்கவில்லை. நல்லது செய்யப்போய் அக்கா தங்கையைப் பிரித்துவிட்டோமே என்று குற்ற உணர்வு குடைந்தது.

"வீட்டுல பெட்டியில பச்சை விளக்கு எரியுதா?"

"ராவும் பகலும் எரியுது."

"இங்க வர்ற மாதிரி வரிசையா நெட்வொர்க் பேருங்க ஏதாவது திரையில வருதா?"

"ஒண்ணும் இல்ல. என் வீட்டைச் சுத்தி பைன் மரந்தான். அடுத்த வீடே ரெண்டு மைல்."

இணையம் தருகிற பெட்டி சரி. லேப்டாப் சரி. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் ஒன்றுக்கு ஒன்று கண் தெரியவில்லை. இருபது வருட அனுபவத்தில் டேரில் இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"நாளைக்கு நானே வீட்டுக்கு வரேன்" என்றார்.

ஞாயிறு மூன்று மணிக்குப் போய்விட்டார். ஐலியம்மா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் வைத்தார். தலையை அழுத்தி வாரி, நல்ல ஸ்வெட்டராகப் பார்த்துப் போட்டிருந்தார். டேரில் ரொட்டியைத் தொடவேயில்லை. கறுப்புத் திரையைத் திறந்து கட்டளை கட்டளையாகத் தட்டினார். சில்லு உயிரோடு இருந்தது. கொண்டுவந்திருந்த மூன்றாவது டிரைவரை ஏற்றினார். பட்டியல் காலி. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அறை அறையாக நடந்தார். அங்கேயும் காலி.

"தம்பி, நாலாகப் போகுது" என்றார் ஐலியம்மா. அதட்டல் போய், குரலில் கெஞ்சல் வந்திருந்தது.

வேறு வழி தெரியாமல் டேரில் தன் கைபேசியை எடுத்தார். "இப்போதைக்கு என் போன்லேருந்து நெட்டைத் தரேன்."

லேப்டாப் லபக்கென்று அதைப் பிடித்துக்கொண்டது!

சரியாக நாலு மணிக்குத் திரையில் லெம்பியின் முகம் தெரிந்தது. இரண்டு பேர் கைகளும் பறந்தன. சண்டையா சமாதானமா என்று டேரிலுக்குப் புரியவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் அழுதுகொண்டே சிரித்ததும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

ஆனால் குழப்பம் இரட்டிப்பாகிவிட்டது. சட்டைப் பையில் கிடக்கும் போன் கண்ணுக்குத் தெரிகிறது, வீட்டுப் பெட்டி தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்?

"ஐலியம்மா, அந்தப் பெட்டி எங்க இருக்கு?"

கை ஓயாததால் ஐலியம்மா முகவாயால் சுவரைக் காட்டினார். உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி, அதில் பச்சை விளக்கு. டேரில் நாற்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தார்.

"இது புகை வந்தா அலறுற பெட்டிம்மா! நான் கேட்டது நெட் கம்பெனிக்காரன் குடுத்த பெட்டி!"

"ஓ, அதுவா?" கைகள் லெம்பியோடு பேசிக்கொண்டிருக்க, வாய் மட்டும் அவருக்குப் பதில் சொன்னது. "அதைத் திருப்பிக் குடுத்து மூணு வாரம் ஆச்சே! முழுக்க முழுக்க ஃப்ரீ, இனிமே எந்தக் கம்பெனிக்கும் தண்டம் அழ வேண்டாம்னு நீதானே தம்பி சொன்ன?"