சொல்லிக்கொடுத்த பதில்

தாய் தகப்பன் இல்லாத பெண் கொளஞ்சி. அவளுக்கு இருப்பது உப்பளம் என்ற ஊர்ப்பகுதியில் ஒரு வீடு. அதை விற்கத்தான் கோர்ட்டில் அனுமதி கேட்டு வந்திருந்தார் அவளுடைய கார்டியன், சித்தப்பா கன்னியப்பன்.

வக்கீல் இராமதாஸுக்கு அந்த ஆளைக் கண்டாலே எரிச்சல். ஆனால் ஃபீஸ் வாங்கியாகிவிட்டதே!

"படிப்புச் செலவுக்கு விக்கிறேன்னு மட்டும் சொல்லுங்க. வேற எதையும் உளறாதீங்க," என்று வராந்தாவில் வைத்து நாலு தடவை சொல்லிக்கொடுத்தார்.

"சொல்லிடுவான் சார்," என்றார் கூட வந்திருந்த கன்னியப்பனின் பெரியண்ணன் அரிகிருஷ்ணன். "நான் வளத்த பையன். என் பேச்சைத் தட்ட மாட்டான்."

கேஸைக் கூப்பிட்டார்கள். அண்ணன் வெளியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

"வீட்டை எதுக்கு விக்கிறீங்க?" என்று கேட்டார் ஜட்ஜ்.

"பொண்ணு படிப்புக்குங்க."

"எங்க படிக்குது?"

"கவர்மெண்டு ஸ்கூல்ல ஆறாவதுங்க. செலவு ஒண்ணும் கெடையாதுங்க."

இராமதாஸ் தொண்டையைச் செருமினார். கன்னியப்பன் திரும்பிப் பார்க்கவில்லை.

"சாப்பாடு, துணிமணி?"

"வீட்டு வாடகை வருதுங்க. அதுலயே மிச்சம் ஆவுதுங்க."

"அப்புறம் வித்த பணம் எதுக்கு?"

"பெரியண்ணன் தவளக்குப்பத்துல சைக்கிள் கடை வெக்கணும்ங்கறாருங்க."

ஜட்ஜ் பேனாவை எடுத்தார். மைனருக்கு எந்த நன்மையும் இல்லை, அனுமதி கிடையாது, மனு தள்ளுபடி. அஞ்சே நிமிஷம்.

வாசலைத் தாண்டியதும் இராமதாஸ் பிடித்துக்கொண்டார். "ஏன்யா, அவ்வளவு சொல்லிக்கொடுத்தும் இப்படிக் கெடுத்துட்டியே?"

"ஆர்டர் காப்பி ஒண்ணு வாங்கிக் குடுங்க சார்."

"தோத்த கேஸுக்குக் காப்பி எதுக்கு?"

"அண்ணன்கிட்ட காட்டணும் சார்." கன்னியப்பன் குரலைத் தாழ்த்தினார். "எங்கப்பா செத்தப்புறம் எனக்குச் சோறு போட்டவரு. ஒரு வருசமா வித்துக் குடுடான்றாரு. முடியாதுன்னு அவரு மூஞ்சப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. கோர்ட்டே சொல்லட்டும்னுதான் மனு போட்டேன்."

இராமதாஸுக்கு வெட்கமாக இருந்தது. காசு வாங்கிக்கொண்டு பொய் சொல்லச் சொன்னவர் அவர்தானே. வெட்கமாக இருந்தது.

அதற்குள் அரிகிருஷ்ணன் எழுந்து வந்துவிட்டார். "என்ன சார் ஆச்சு? இவன் ஏதாவது உளறிட்டானா?"

கன்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

"சேச்சே," என்றார் இராமதாஸ். "நான் சொல்லிக்கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாம சொன்னாரு. ஜட்ஜுதான் ஒத்துக்கல."