கைக்குள் ஒரு விரல்

பள்ளிமுனையில், கடலைப் பார்த்த அந்தச் சின்னப் பயிற்சி அறைக்குள் பத்து மணி வெயில் சாய்வாக விழுகிறது. பக்கவாதம் வந்து ஏழு மாதமாக வலக்கை அசையாத அல்பிரட் பிளாஸ்ரிக் கதிரையில் அமர்ந்திருக்கிறார். கண்களை மறைத்து ஒரு கறுத்த மெய்நிகர்க் கண்ணாடி. அசையாத கையின் சுட்டுவிரலில் பட்டாணி அளவு உணரி. மேசையிலுள்ள பெட்டி சத்தமில்லாமல் காந்தப்புலத்தைப் பரப்புகிறது. உணரி அதற்குள் எங்கே இருக்கிறதென்று கணித்து, கண்ணாடிக்குள்ளும் சுவர்த்திரையிலும் ஒரு கையைக் காட்டுகிறது. இரும்பு கிட்ட இருந்தால் கணிப்பு பிசகிவிடும் என்று அவருடைய சில்லுக்கதிரையை வாசலுக்கு வெளியே விட்டிருக்கிறார்கள். மனைவி றஞ்சினி தரையில் அமர்ந்து, அவருடைய வலக்கையைத் தன் இரு கைகளுக்குள்ளும் பொத்தி வைத்திருக்கிறாள். “மறைக்கிறனோ பிள்ளை? எடுக்கட்டோ?” என்று கேட்கிறாள். “வேண்டாம் அன்ரி, பிடிச்சிருங்கோ. இது கமரா இல்லை, காந்தம். உங்கட கைக்குள்ளயும் அதுக்குத் தெரியும்,” என்கிறாள் இயன்மருத்துவர் டினோஜா. திரையில் அந்தக் கை நீலத் தண்ணீருக்கு மேல் அசையாமல் கிடக்கிறது. வெளியே ஒரு படகின் எஞ்சின் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. அல்பிரட்டின் மேலுதட்டில் வியர்வை துளிர்க்கிறது. திரையில் சுட்டுவிரல் ஒரு நெல்மணி அளவு மடங்கி நிமிர்கிறது. றஞ்சினியின் உள்ளங்கைக்கு எதுவும் தெரியவில்லை. தன் கைதான் நடுங்கியிருக்கும் என்று பயந்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள். விரல் மறுபடியும் மடங்குகிறது. “நான் ஆட்டேல்லை பிள்ளை, சத்தியமா நான் ஆட்டேல்லை,” என்கிறாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அல்பிரட் குளறிய குரலில் மெதுவாகச் சொல்கிறார்: “நான்தானப்பா ஆட்டினனான்.”